‘பலப்படுத்தல்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? இறங்குதுறைத் திட்டத்தின் சுற்றாடல் அறிக்கையை முதன்முதலில் வாசிப்பவருக்கு

சில வருடங்களுக்கு முன், தீவுப்பகுதி இறங்குதுறை ஒன்றின் திருத்த வேலை பற்றிய அறிவித்தல் பத்திரிகையில் வந்து பத்தொன்பதாம் நாள்தான் எங்கள் காதுக்கு எட்டியது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாகச் சொன்ன அலுவலகத்துக்கு ஓடினோம். அது அலுமாரிக்குள் இருந்தது. திறப்பு வைத்திருந்தவர் லீவில் இருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால், எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் வடிவாக விளங்காத ஆங்கிலத்தில் இருநூற்றுச் சொச்சம் பக்கம். கருத்துச் சொல்ல மிச்சம் இருந்த நாட்களில் ஆறு பக்கக் கடிதம் எழுதினோம். முக்கால்வாசி கோபம். இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் எங்கள் கடிதத்துக்கு எதிரே ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று இரண்டு சொல். ஒரே ஒரு வரிக்குத்தான் உண்மையான பதில் வந்திருந்தது. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் எந்த மூலையில் எத்தனை வள்ளம் ஒதுங்கும் என்று ஒரு வயதானவர் சொல்ல, அதை அப்படியே எழுதிய வரி அது. அந்த ஒரு வரிக்காக வேலை செய்யும் மாதங்களை மாற்றியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இப்படியான அறிக்கைகளை வேறு விதமாக வாசிக்கப் பழகினேன். புதிதாகச் சங்கச் செயலாளர் ஆனவருக்கும், ஊரில் துறைமுக வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட இளையவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தப் பழக்கத்தை இங்கே எழுதுகிறேன். காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு 2018இல் 45.27 மில்லியன் டொலர் இந்தியக் கடன் ஒப்பந்தமானது. 2024இல் அந்த வேலைக்கு 61.5 மில்லியன் டொலர் நன்கொடை என்று அறிவித்தார்கள். நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14 முதல் வரத் தொடங்கியது. வடக்குக் கரையிலும் தீவுகளிலும் துறை வேலை என்பது இனி அடிக்கடி காதில் விழும் சங்கதி.

முதலில்: எந்தக் கதவைத் தட்டுவது

இந்தப் பகுதி வரண்டது, சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி வேண்டும் என்ற பகுதி அதற்குள் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு என்ற பட்டியல் 1993 ஜூன் 24 அதிவிசேட வர்த்தமானியில் இருக்கிறது. மற்றையது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். குழப்பாமல் சொன்னால், கடல் ஏறும் சராசரி உயர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், இறங்கும் சராசரித் தாழ்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். இதுதான் கரையோர வலயம். வேலை முழுவதும் இதற்குள் கிடந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் தேவை, அறிக்கை கேட்பதும் அவர்கள். வலயத்துக்கு வெளியிலும் கால் நீட்டினால் சுற்றாடல் சட்டத்தின் நடைமுறைக்குள் போகக்கூடும்.

அறிக்கையும் இரண்டு வகை. ஆரம்பச் சுற்றாடல் ஆய்வு சின்னது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு பெரியது. வித்தியாசம் பக்க எண்ணிக்கையில் மட்டுமில்லை. தாக்க மதிப்பீட்டுக்கு வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட்டு, பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் விட வேண்டும். ஆரம்ப ஆய்வுக்கு அந்தக் கட்டாயத்தை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஆனாலும் அது பொது ஆவணம், போய்ப் பார்க்கும் உரிமை இருக்கிறது. ஆகவே முதல் கேள்வி இதுதான்: ‘இந்த வேலைக்கு எந்த வகை அறிக்கை கேட்டிருக்கிறீர்கள்?’ பெரிய வேலையைச் சின்ன ஆய்வுக்குள் அடக்கியிருந்தால் அதைக் கேட்க வேண்டிய நேரம் ஆரம்பத்திலேயே வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு கேட்டுப் பலனில்லை.

30 நாளை நீங்களாக எண்ணாதீர்கள். விடுமுறை நாள் சேர்த்தியா இல்லையா என்று வாதாடி நாள் போகும். அறிவித்தலில் கடைசித் திகதி போட்டிருப்பார்கள். அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அறிக்கையைக் கைக்குள் எடுப்பது

பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ பிரதி இருக்கும் என்று அறிவித்தல் சொல்லும். காங்கேசன்துறை என்றால் தெல்லிப்பழைப் பக்கம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பக்கம் புரட்ட, மற்றவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். முழுவதும் எடுக்க நேரமில்லை என்றால் திட்ட விவரணம், அட்டவணைகள், வரைபடங்கள், கடைசியில் வரும் முகாமைத்துவத் திட்டம், இவ்வளவும் போதும். முன்னுரையை விடுங்கள், அது எல்லா அறிக்கையிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 12ஆம் இலக்கம். அதன்படி கேட்டால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். 14 வேலை நாள் என்பது ஏறக்குறைய மூன்று கிழமை. 30 நாள் ஓடத் தொடங்கிய பிறகு அந்த விண்ணப்பம் போட்டால் பதில் வரும்போது கடை கட்டியிருப்பார்கள். ஊரில் அளவைக்காரர் மூன்றுகால் கருவியோடு நடமாடுகிறார் என்றவுடனேயே போட வேண்டிய விண்ணப்பம் அது.

மொழிப் பயம் வேண்டாம். தமிழ் அரசகரும மொழி. வடக்கில் நிர்வாக மொழியும் அதுதான். கருத்தைத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். ஆங்கில அறிக்கையை வாசிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருவரைப் பிடியுங்கள், ஆனால் தனியே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் கடலுக்குப் போகிறவர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சொல் தெரியும், கடல் தெரிந்தவர் மற்றவர்.

திட்ட விவரணம்: இங்கேதான் எல்லாம் ஒளிந்திருக்கிறது

பழைய ஜெட்டியின் அடியில் வள்ளத்தை விட்டு ஒருக்கால் மேலே பாருங்கள். கொங்கிரீட் செதில் செதிலாக உரிந்து, உள்ளே கம்பி சிவப்பாகத் தெரியும். கடலின் உப்பு மெல்ல மெல்ல ஊறிக் கம்பியை எட்டுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பை விட அதிக இடம் பிடிப்பதால் கொங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் இருக்கும் உயரத்தில்தான் இது மோசம். இதைத் திருத்துவது நியாயமான வேலை, யாரும் மறுக்க மாட்டார்கள். பழுதான கொங்கிரீட்டை உடைத்தெடுத்து, தூண்களைச் சுற்றிப் புதுக் கவசம் போடுவது என்றால் கடலுக்கு வரும் பாதிப்பும் குறைவு.

ஆனால் ‘பலப்படுத்தலும் நவீனமயப்படுத்தலும்’ என்று தலைப்பிருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். துறைமேடையின் சுவர் நிற்பது அதன் காலடியில் இருக்கும் கடல்படுக்கையின் பிடியில். முன்னால் கடலை ஆழமாக்கினால் அந்தப் பிடி தளரும், சுவர் முன்னுக்குச் சரியப் பார்க்கும். அதனால்தான் பலப்படுத்துகிறார்கள். பலப்படுத்தலும் ஆழப்படுத்தலும் இரட்டைப் பிள்ளைகள்; தலைப்பில் மூத்ததின் பெயர் மட்டும் இருக்கும். எனவே விவரணத்தில் இந்த நான்கையும் தேடுங்கள்: இப்போதைய ஆழம் எவ்வளவு, வேலை முடிந்த பிறகு எவ்வளவு, மேடையின் நீளம் கூடுகிறதா, எந்த அளவுக் கப்பல் வரப்போகிறது. நாலாவதற்குப் பதில் தெரிந்தால் அதற்கு முந்திய இரண்டையும் ஊகிக்கலாம்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு, 100 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் தோண்டினால் 6,000 கனமீற்றர். எங்கள் கணக்கில் ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஏறக்குறைய 2.83 கனமீற்றர். ஆக 2,100 கியூபுக்கு மேல். டிப்பருக்கு மூன்று கியூப் என்றால் எழுநூறு நடை. அறிக்கையில் 6,000 என்று வாசிக்கும்போது ஒன்றும் தோன்றாது. ‘எங்கள் ஒழுங்கையால் எழுநூறு டிப்பர்’ என்று சொன்னால் சங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும்.

கல், மணல், தண்ணீர்

அறிக்கைகள் பெரும்பாலும் துறைமுக வேலிக்குள்ளே நின்றுகொண்டு பேசும். வேலிக்கு வெளியே இருந்து என்ன வருகிறது என்பதற்கு ஒரு பந்திதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பந்திதான் பாரமானது.

குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். அலைதாங்கிக்குப் போடும் பாரமான கருங்கல் இங்கே கிடையாது. வன்னிப் பக்கத்திலிருந்து லொறியில் வர வேண்டும். எந்தக் கல்லுடைப்பு, அதற்கு உரிமம் இருக்கிறதா, எந்த வீதி, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஓடுமா என்று கேளுங்கள். மணலுக்கும் அதே கேள்வி. வடமராட்சி கிழக்கின் மணல் குன்றுகளைப் பார்த்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். கொங்கிரீட் குழைக்கவும், நனைக்கவும், வீதியில் புழுதி அடங்கத் தெளிக்கவும், வேலையாட்கள் குளிக்கவும் ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர், அது எந்தக் கிணற்றிலிருந்து? ‘உள்ளூர் மூலங்களிலிருந்து பெறப்படும்’ என்று எழுதியிருந்தால் அது பதில் இல்லை. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறி வருகிறது. அப்படியான நிலத்தில் ஒரு பக்கம் இறைப்பது மறுபக்கம் தெரியும்.

எண்ணெய்க்கும் இதே நிலம்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கிணற்றுத் தண்ணீர் என்ன பாடுபடும் என்பதற்கு எங்களுக்கு வேறு ஊர் உதாரணம் தேவைப்படாது. ஆகவே எரிபொருள் பீப்பாய்கள் எங்கே வைக்கப்படும், அடியில் கசிவு தாங்கும் தரை போடுவார்களா, இயந்திரங்களின் கழிவு எண்ணெயை யார் எடுப்பார் என்ற மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள்.

பருவம்: அறிக்கை பெரும்பாலும் கோட்டைவிடும் இடம்

‘தற்போதைய சுற்றாடல் நிலை’ என்ற அத்தியாயத்தில் நீர் மாதிரி எடுத்த திகதியைப் பாருங்கள். வேறு ஒன்றும் பார்க்க நேரமில்லை என்றாலும் இதைப் பாருங்கள். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் வடக்குக் கடல் குளம் மாதிரி இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், மாதிரி எடுக்க வருபவருக்கும் வசதி. வாடை எழும்பினால் அதே கடல் கலங்கி மண்ணிறமாகிவிடும். குருநகர்ப் பக்கக் களப்பு வேறு கதை. ஒரு பருவத்தில் ஒரு நாள் எடுத்த மாதிரியை வைத்து ‘இந்தக் கடலின் கலங்கல் இவ்வளவு’ என்று எழுதுவது, சித்திரை வெயிலில் ஒருவரைப் பார்த்துவிட்டு அவருக்குத் தடிமனே வராது என்று சொல்வது போன்றது.

வேலைக் கால அட்டவணையிலும் பருவம் இருக்கிறது. கடல் அமைதியான மாதங்களில்தான் தோண்டுவார்கள். அவை வைகாசி முதல் ஆவணி வரை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா ஆனியில் வருகிறது. அப்போது குறிகட்டுவான் துறையில் கால் வைக்க இடமிருக்காது. கீரிமலையில் ஆடி அமாவாசைக்கு எவ்வளவு சனம் கடலில் இறங்கும் என்று கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளருக்குத் தெரிந்திருக்காது. சேறு கரைந்த தண்ணீர் அந்தப் பக்கம் போகுமா என்று கேட்பது உங்கள் வேலை. மீன் முட்டையிடும் மாதம், இறால் பெருகும் மாதம், எந்தக் கிழமை எந்த வலை போகும், இவையும் அப்படித்தான்.

நீங்களாகவே அளக்க ஒரு வழி இருக்கிறது, செலவு சில நூறு ரூபா. சாப்பாட்டுக் கோப்பை அளவு வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்து நடுவில் துளைபோட்டு, கீழே ஈயக்குண்டு கட்டுங்கள். நைலோன் கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு. காலை பத்துக்கும் பின்னேரம் இரண்டுக்கும் இடையில், வள்ளத்தின் நிழல் விழும் பக்கத்தால் மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். இழுக்கும்போது திரும்பத் தெரியும் இடத்திலும் எண்ணுங்கள். இரண்டுக்கும் நடு அளவுதான் அன்றைய தெளிவு. ஒரே ஆள், ஒரே இடம், கிழமைக்கு ஒரு தடவை. கொப்பியில் திகதி, காற்று, அளவு. கடல் ஆய்வாளர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகப் பாவிக்கும் முறை இது. யாரும் சிரிக்க முடியாது. வேலை தொடங்க முன் ஒரு வாடையும் ஒரு சோளகமும் அளந்து வைத்திருந்தால், உங்கள் கொப்பியில் இருப்பது அறிக்கையில் இருப்பதை விட நீளமான பதிவாக இருக்கக்கூடும்.

தோண்டிய சேறு எங்கே போகும்

துறைமுகத்தின் அடிச்சேறு வெறும் மண் இல்லை. பல வருட எண்ணெய், கப்பலடி வர்ணம், உலோகம் எல்லாம் அதில் படிந்திருக்கும். கிளறினால் திரும்பத் தண்ணீரில் கலக்கும். சேற்றின் மாதிரி எத்தனை இடத்தில், எத்தனை ஆழத்தில் எடுத்தார்கள், எந்தெந்த உலோகங்களுக்குச் சோதித்தார்கள் என்று அட்டவணை இருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் அள்ளிய மாதிரி போதாது. கடலில் கொட்டுவதென்றால் இடத்தைப் புள்ளியாகக் குறித்த வரைபடமும், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அனுமதியும் கேளுங்கள். அந்தப் புள்ளியில் யாருடைய வலை விழுகிறது என்பதை வரைபடம் காட்டாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். கடற்புல் இருக்கும் இடமானால் சேறு அதை மூடிவிடும்; நண்டும் இறாலும் அங்கேதான் வளருகின்றன, கடற்பசு மேய்வதும் அதைத்தான்.

சேறு பரவாமல் திரை கட்டுவோம் என்று எல்லா அறிக்கையிலும் இருக்கும். தேங்கிய தண்ணீரில் நல்லது. ஓட்டம் வினாடிக்கு அரை மீற்றர் அளவுக்கு வந்துவிட்டால் திரை வள்ளத்துப் பாய் மாதிரி எழும்பிவிடும், சேறு அடியால் போகும். ஓட்டத்தை அளந்தார்களா?

காங்கேசன்துறைக்கு மட்டும் ஒன்று கூடுதல். நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த இடம். போருக்குப் பின் மூழ்கிய கப்பல்களை அகற்றித்தான் துறைமுகத்தைத் திறந்தார்கள். கடலடியில் வெடிபொருள் இல்லை என்ற சான்று எந்தப் பரப்பளவுக்கு, எந்த ஆழத்துக்கு என்று கேட்பதில் பிழையில்லை.

முகாமைத்துவத் திட்டம்

கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரிய அட்டவணை வரும்: பாதிப்பு, தடுக்கும் வழி, பொறுப்பு, கண்காணிப்பு. அதில் ‘தேவைப்படும்போது’, ‘இயன்றவரை’, ‘ஒப்பந்தகாரர்’ என்ற சொற்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். எத்தனை நாளுக்கொரு தடவை, எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவார்கள், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, செலவு எந்தக் கணக்கில்? நாலுக்கும் பதில் இல்லாத வரி வெறும் ஆசை. கட்டுமானச் சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதியில் அளவு இருக்கிறது: பகலில் 75 டெசிபெல், இரவில் 50. தூண் அடிக்கும் இயந்திரம் இரவில் ஓடுமானால் அந்த 50ஐ எழுதிக் காட்டுங்கள்.

கருத்துக் கடிதம்

கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு எழுதுங்கள். ஒரு பந்திக்கு ஒரு விடயம். பக்க எண், குறை, உங்களுக்குத் தெரிந்த உண்மை, நீங்கள் கேட்பது. இப்படி:

‘பக்கம் 87, அட்டவணை 4.3. நீர் மாதிரி மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கப்பட்டுள்ளது. கார்த்திகை முதல் தை வரை இவ்விடத்தில் நீர் கலங்கியிருக்கும். எமது சங்கத்தின் அளவுப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது. வாடைக் காலத்திலும் மாதிரி எடுத்து, அதன்படி வேலையை நிறுத்தும் அளவைத் திருத்துமாறு கேட்கிறோம்.’

இவ்வளவுதான். இப்படிப் பத்துப் பந்தி, நூறு கையெழுத்துப் போட்ட ஒரே மகஜரை விட அதிகம் வேலை செய்யும். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைப் பின்னால் இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. பகிரங்க விசாரணை வேண்டும் என்றால் அதையும் இந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். வைப்பதா இல்லையா என்பது அனுமதி கொடுக்கும் நிறுவனத்தின் விருப்பம், ஆனால் கேட்காதவருக்கு ஒருபோதும் வைக்க மாட்டார்கள்.

அனுமதி கிடைத்த பிறகு

பெரும்பாலும் கிடைக்கும், நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைக் கடிதம்தான் இனி உங்களுக்கு வேண்டியது. தடித்த அறிக்கையைக் கட்டி வைத்துவிடலாம். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், இதற்குத் தகவல் உரிமை விண்ணப்பம் நன்றாக உதவும். கண்காணிப்புக் குழுவில் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு இடம் கேளுங்கள். நடைமுறையையே தாண்டிப் போய்விட்டார்கள் என்றால் நீதிமன்ற வழி இருக்கிறது; எப்பாவல பொஸ்பேட் அகழ்வுத் திட்ட வழக்கில் 2000இல் உயர் நீதிமன்றம் சுற்றாடல் மதிப்பீட்டைச் சுற்றிவளைத்துப் போக விடவில்லை. ஆனால் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம், ஆகையால் சட்டத்தரணியிடம் பிந்திப் போகாதீர்கள்.

துறைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள், முதல் தூண் இறங்க முன் சுவர்களைப் படம் எடுத்து வையுங்கள். ஏற்கனவே இருக்கும் வெடிப்புக்குப் பக்கத்தில் அன்றைய பத்திரிகையைப் பிடித்து ஒரு படம், கிணற்று நீர்மட்டத்துக்கு ஒரு படம், மதிலுக்கு ஒரு படம். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் திகதி.